மோனிஷாவுக்குக் கொடுக்காத முட்டைகள்

ஒட்டம்பாறையில் மனிதர்களைவிடக் கோழிகள் அதிகம், கோழிகளைவிட முட்டைகள் அதிகம், முட்டைகளைவிட ஈக்கள் அதிகம் என்பதால், ஆடி மாதத்து ஒரு புதன்கிழமை மத்தியானம் அரசு உயர்நிலைப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் அவித்த முட்டை ஒன்று தட்டைவிட்டு இறங்கி, வாசலின் மூன்று படிகளையும் ஒவ்வொன்றாகக் குதித்து, மைதானத்தின் குறுக்கே ஒன்பதாம் வகுப்பு மோனிஷாவின் பின்னால் உருண்டு போனதைப் பார்த்தவர்கள், முட்டை போகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்கள்.

அது அவளுக்குக் கொடுக்காமல் எடுத்துவைத்த முட்டை.

எடுத்துவைத்தவள் சத்துணவு அமைப்பாளர் பாப்பாத்தியக்கா. பாப்பாத்தியக்கா நல்லவள், இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்தது அத்தனையும் அவளுடைய நல்ல மனசால்தான் நடந்தது. ஒரு பிள்ளை தட்டை நீட்டும்போது அதன் முகத்தைப் பார்த்தே காலையில் சாப்பிட்டு வந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவாள். பசியோடு வந்த பிள்ளைக்குக் கரண்டி தானாகவே ஆழமாக இறங்கும்.

முந்தின வாரம் பள்ளிக்கு மருத்துவ முகாம் வந்திருந்தது. மோனிஷாவுக்குப் பதினாலு வயது, எழுபத்தெட்டு கிலோ. கழுத்தைச் சுற்றி ஒரு கருப்பு படர்ந்திருந்தது. அது அழுக்கு என்று நினைத்து அவள் அம்மா சாந்தாமணி ஞாயிற்றுக்கிழமைதோறும் பீர்க்கங்காய் நாரால் தோல் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பாள், மறுநாள் காலையில் கருப்பு அதே இடத்தில் இருக்கும், அடுத்த ஞாயிறு இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். முகாமுக்கு வந்த ஷகிலா டாக்டரம்மா அந்தக் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "இதைத் தேய்க்கச் சொல்லாதம்மா, இது உள்ளேயிருந்து வர்றது" என்று சொல்லி ரத்தம் எடுக்க வைத்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆறு புள்ளி இரண்டு என்று வந்தது. ஆறரையைத் தொட்டால் அது சர்க்கரை நோய், அப்புறம் மாத்திரை. இதைச் சாந்தாமணிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் புருஷன் பழனியப்பன் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டியவர். நாற்பத்தொன்றாவது வயதில் சர்க்கரை அவருடைய வலது காலில் மூன்று விரல்களை வாங்கிக்கொண்டது, இப்போது பஸ் ஸ்டாண்டு சைக்கிள் நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிறார்.

முகாமில் அவசரமாக எழுதிய நர்ஸ், மோனிஷாவின் அட்டையில் 'கொழுப்பு குறைக்கவும்' என்று இரண்டே வார்த்தை எழுதியிருந்தார். அட்டை பள்ளிக்கு வந்தது, பள்ளியிலிருந்து சத்துணவுக் கூடத்துக்கு வந்தது, பாப்பாத்தியக்கா அதை இரண்டு தடவை படித்தாள். கொழுப்பென்றால் மஞ்சக்கரு, மஞ்சக்கரு என்றால் முட்டை, முட்டையை நிறுத்திவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தாள். ஆனால் வளர்கிற பிள்ளையின் வயிறு வாடக்கூடாதே. அதனால் முட்டைக்குப் பதிலாக இரண்டு கரண்டி சோறும், உருளைக்கிழங்கு இருக்கிற நாளில் ஒரு கை கிழங்கும் கூடுதலாக வைத்தாள்.

"கண்ணு, உனக்கு முட்டை வேண்டாஞ் சாமி. அக்கா வேற தாரேன்" என்றாள், வரிசையில் இருந்த நூற்றுப் பத்துப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, அன்பாக.

"டேங்கருக்கு முட்டை கட்!" என்று அவளுடைய பட்டப்பெயரைச் சொல்லிப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மோனிஷா தட்டைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தாள். அன்றைக்குத்தான் முட்டை படி இறங்கியது.

முட்டையால் நேராக உருள முடியாது. அதன் உருவம் அப்படி. ஒரு பக்கமாக வளைந்து சுற்றும், சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். ஆனால் இந்த முட்டை பாதி வட்டம் போட்டு நின்று, மறுபக்கம் பாதி வட்டம் போட்டு நின்று, இப்படி வளைந்து வளைந்து அவள் பின்னால் ஒன்றரைக் கிலோமீட்டர் வந்து, வீட்டுக் கதவோரம் ஓய்ந்தது.

"எங்கிருந்துடி இது?" என்றாள் சாந்தாமணி.

"வருதும்மா."

"வந்தா வரட்டும். மிதிச்சுறாதே."

சாந்தாமணி பண்ணையில் முட்டை எடுக்கிறவள், ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் முட்டைகளைக் கையால் தொடுகிறவள், அவளுக்கு இன்னும் ஒன்று வந்ததெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. மேலும் அவளுக்கு உள்ளே ஒரு குத்தல் இருந்தது. பண்ணையில் வேலைக்காரர்களுக்கு உடைசல் முட்டை தருவார்கள். அதை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் பொரித்துக் கொடுப்பாள். அந்த அட்டையைப் பார்த்த நாள் முதல் மோனிஷாவுக்கு மட்டும் கொடுப்பதை நிறுத்தியிருந்தாள். வீட்டில் நிறுத்திய முட்டைகள் மோனிஷாவைப் பின்தொடரவில்லை. உடைசல் முட்டையால் உருள முடியாது, அவ்வளவுதான் காரணம்.

வியாழக்கிழமை இரண்டாவது முட்டை வந்தது. வெள்ளிக்கிழமை மூன்றாவது. திங்கள்கிழமை காலையில் அவள் பள்ளிக்குக் கிளம்பியபோது கதவோரத்து மூன்றும் கூடவே புறப்பட்டன, சாயங்காலம் நான்காகத் திரும்பின.

ஊர் முதலில் பயந்தது உண்மை. எங்கள் பக்கம் முச்சந்தியில் முட்டை கிடந்தால் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுற்றிப் போகிறவர்கள் நாங்கள். யார் யாருக்கு என்ன வைத்திருக்கிறார்களோ, எதற்கு வம்பு. ஆனால் டீக்கடை வாசலில் முட்டைகள் ஒரு நிமிஷம் நின்றபோது யாரோ குனிந்து பார்த்தார்கள், ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் அரசு முத்திரை இருந்தது. "கவர்மென்ட்டு முட்டைப்பா, செய்வினை இல்லே" என்ற செய்தி மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது, அத்தோடு பயமும் போய்விட்டது. அரசாங்கம் ஒன்றை அனுப்பினால் அது வந்து சேர நாளாகும், சுற்றி வளைத்துத்தான் வரும் என்பது எங்களுக்குப் பழக்கம்.

பயம் போனபிறகு ஊர் அந்த முட்டைகளுக்கு இடம் கொடுக்க ஆரம்பித்தது. தீவன லாரிகள் பள்ளிக்கூட நேரத்தில் வேகம் குறைத்தன. பள்ளி முன்னால் இருந்த வேகத்தடையில் முட்டைகள் ஏறமுடியாமல் திணறுவதைப் பார்த்த பஞ்சாயத்துத் தலைவர் ஆள் வைத்து அதில் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால்போல் வெட்டிவிட்டார். நாய்கள் இரண்டு நாள் கடித்துப் பார்த்தன, ஓடு உடையவில்லை, மூன்றாம் நாள் ஒரு நாய் மட்டும் வேறு வேலை இல்லாமல் கூடவே நடந்தது. மெஸ் நடத்துகிற முருகையன் ஒன்றைப் பிடித்துக் கல்லில் உடைக்கப் பார்த்தார். தோசைக்கல்லில் குழி விழுந்தது, முட்டை கீழே இறங்கித் தன் வரிசையைத் தேடிப் போய்விட்டது. மழை பெய்த நாளில் மோனிஷா டவுன் பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் பண்ணையிலிருந்து வாங்கிவைத்திருந்த முட்டை அட்டைகளை எடுத்து, முப்பது முப்பதாக அடுக்கி, "அம்மிணி, உன் ஆளுங்க எல்லாரும் ஏறியாச்சா? ரைட் போலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் விசில் ஊதுவார். மாரியம்மன் கோயில் திருவிழாவில், உள்ளே போகக்கூடாத பொருள் என்று அவற்றுக்கே தெரிந்து, செருப்பு விடுகிற இடத்தில் வட்டமாக நின்றன. செருப்புப் பார்த்துக்கொள்கிறவர் அவற்றுக்கும் சேர்த்து ஒரே வில்லையாகக் கொடுத்துவிட்டார்.

முட்டை ஏன் கெட்டுப்போகவில்லை என்று விவாதித்தார்கள். மேட்டில் எப்படி ஏறுகிறது என்று விவாதித்தார்கள். தீபாவளிக்குள் நூறு ஆகுமா என்று பந்தயம் கட்டினார்கள். வெளியூர் மாப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். மோனிஷாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று மூன்று மாதத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மோனிஷா அந்த முட்டைகளை வெறுத்தாள். உருண்டையானவள் பின்னால் உருண்டையானவை வருகின்றன என்று அவளுக்குப் பட்டது. அவள் யார் கண்ணிலும் படாமல் நடக்க விரும்பிய தெருவில் அவள் வருவதை ஐந்து நிமிஷத்துக்கு முன்பே கடகடவென்று அறிவித்தன. வாய்க்கால் கரை வழியாகப் போனாள், வந்தன. ஓடிப் பார்த்தாள், மூச்சு வாங்கி நின்றாள், அவையும் நின்றன. ஒரு நாள் ஒன்றின்மேல் முழு பலத்தோடு ஏறி நின்றாள். அது உடையவில்லை, அவள் இறங்கும்வரை பொறுமையாக இருந்தது. அதற்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அவளுடைய நாள் இப்படி இருந்தது. காலையில் டீயும் பொறை ரொட்டியும், ஏனென்றால் அம்மா ஆறு மணிக்குப் பண்ணை வேனில் போய்விடுவாள். பதினோரு மணிக்கு வயிறு கிள்ளும், இடைவேளையில் பேக்கரியில் கிரீம் பன். மத்தியானம் பாப்பாத்தியக்காவின் அன்பு, மலைபோல. இரண்டு மணிக்குக் கண் சொருகும். கணக்கு வாத்தியார் சாக்பீஸ் எறிவார். நாலு மணிக்கு மறுபடியும் பசி, மறுபடியும் பன். பசித்தவள் என்று யாரும் அவளை நினைக்கவில்லை. அவ்வளவு பெரிய உடம்புக்குள் பசி இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

ஐப்பசியில் ஒரு நாள் மாடிப்படியின் பாதியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. படிக்குக் கீழே அறுபத்தெட்டு முட்டைகள் வரிசையாகக் காத்திருந்தன. வாத்தியார்கள் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள், முகாம் ஜீப்பைக் கூப்பிட்டார்கள், பண்ணைக்கு ஆள் போய்ச் சாந்தாமணி தலையில் கட்டிய துணியோடு ஓடிவந்தாள். நாமக்கல்லிலிருந்து ஷகிலா டாக்டரம்மா வந்து, புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரத்தம் எடுத்து அனுப்பினார். வெகுநேரம் கழித்துப் போன் வந்தது.

"ஆறு புள்ளி நாலு" என்றார் டாக்டரம்மா.

சாந்தாமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் ஒரு புள்ளிதானுங்களா?" என்று கேட்டாள். "அவங்கப்பனுக்குக் கால்ல போனது போதாதுங்களா? நான் முட்டை நிறுத்தினேன், எண்ணெய் நிறுத்தினேன், பொரிச்சது நிறுத்தினேன், நான் இன்னும் என்னத்தைத்தானுங்க நிறுத்தறது?"

டாக்டரம்மாவின் பார்வை தன் நாற்காலிக் கால்களைச் சுற்றி வந்து நின்ற முட்டைகள்மேல் விழுந்தது. அவரும் ஆச்சரியப்படவில்லை, பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். ஆனால் எங்களில் யாரும் கேட்காததைக் கேட்டார்.

"இது யாரோடது?"

ஆளாளுக்குச் சொன்னோம். "கவர்மென்ட்டோடதுங்க" என்றார் தலைமையாசிரியர். "பள்ளிக்கூடத்தோடது" என்றார் ஒருவர். வேடிக்கை பார்க்க வந்திருந்த கண்டக்டர், "அது ஊர்ச் சொத்துங்க டாக்டரம்மா, பொதுவுல இருக்குது" என்றார்.

"என்னுதுங்க" என்றாள் மோனிஷா.

அவள் குரல் அப்படி இருக்கும் என்று பலருக்கு அன்றுதான் தெரியும்.

"என்னுது. எனக்குக் குடுக்காம எடுத்து வச்சது. அறுபத்தெட்டு நாள்."

பாப்பாத்தியக்காவின் முகம் செத்துவிட்டது. ஓடிப்போய் அந்த அட்டையைக் கொண்டுவந்தாள். சத்துணவுக் கூடத்தில் சாமி படத்துக்குப் பின்னால் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள். "நீங்கதானுங்க எழுதியிருக்கீங்க, கொழுப்புக் குறைக்கோணும்னு. நான் படிச்சுத்தான் செஞ்சேன். புள்ளை பட்டினி கிடக்கக்கூடாதுன்னு சோறு சேர்த்துத்தான் வச்சேன். ஒரு நாளும் கம்மியா வைக்கலீங்க."

டாக்டரம்மா அட்டையை வாங்கிப் படித்தார், திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றும் இல்லை. "தப்பு எங்க மேலதான், பாப்பாத்தி" என்றார் மெதுவாக. "பாதி எழுதிட்டு மீதியை உங்க தலையில விட்டுட்டோம்."

"அப்ப முட்டை?"

"முட்டை திங்கலாம். மஞ்சக்கருவோட. முட்டை ஒண்ணும் மருந்தில்ல, அதையும் சொல்லிர்றேன். ஆனா காலையில வெறும் டீயும் பொறையும் தின்னுட்டு வர்ற பிள்ளை, பதினோரு மணிக்குப் பன்னுக்குத் தவிக்கத்தான் செய்யும். முட்டை தின்னா கொஞ்சம் தாங்கும். நீ அந்த ரெண்டு கரண்டியைக் குறை, பன்னு நிக்கட்டும், பிள்ளை நடக்கட்டும். ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம். அப்பவும் தாண்டினா மாத்திரை. அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல."

மோனிஷா குனிந்து, தன் காலுக்குப் பக்கத்தில் இருந்த முட்டையைக் கையில் எடுத்தாள். ஊதா முத்திரை மங்கியிருந்தது. அது முதல் நாள் முட்டை. மரத்தின் வேரில் லேசாகத் தட்டினாள். தோசைக்கல்லில் உடையாதது, நாய்க்கு உடையாதது, எழுபத்தெட்டு கிலோவுக்கு உடையாதது, டப்பென்று விரிசல் விட்டது. உள்ளே இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோல் ஆவி வந்தது.

யார் முன்னாலும் சாப்பிடாதவள் அவள். பேக்கரியில்கூடச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தின்பவள். இப்போது பள்ளிக்கூடமும் பாதி ஊரும் பார்த்துக்கொண்டிருக்க, தோலை உரித்து மடியில் போட்டுக்கொண்டு, வெள்ளையும் மஞ்சளுமாகக் கடித்தாள்.

"உப்பு வேணுமா சாமி?" என்றாள் பாப்பாத்தியக்கா, அழுதுகொண்டே.

"மிளகும்" என்றாள் மோனிஷா.

அன்றிலிருந்து காலையில் பண்ணை வேன் வருவதற்கு முன்னால், கதவோரத்து முட்டைகளில் ஒன்றைச் சாந்தாமணி உரித்துக் கொடுப்பாள். உடைசல் முட்டையில் ஒன்று பொரித்தும் வைப்பாள். மத்தியானம் பாப்பாத்தியக்கா அந்த இரண்டு கரண்டியைக் குறைத்து எல்லோருக்கும்போல் சோறும், எல்லோருக்கும்போல் ஒரு முட்டையும் வைப்பாள், வைக்கும்போது ஒன்றும் சொல்ல மாட்டாள். சாயங்காலம் மோனிஷா நடந்தே வருவாள். பின்னால் அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு. பேக்கரிக்காரர் ஒரு நாள் வழிமறித்து, "ஏம்மா, பன்னு மேல என்ன கோவம்?" என்று கேட்டார். "பசிக்கலைங்ணா" என்றாள். அவளுக்கே அது புதிதாக இருந்தது. ஞாபகம் வந்த நாட்களில் பன் தின்றும் இருக்கிறாள், பொய் சொல்லக்கூடாது. கார்த்திகையில் ஒரு வாரம் முழுக்கத் தின்றாள். முட்டைகள் பேக்கரி வாசலில் அமைதியாகக் காத்திருந்தன.

தை மாதம் பிறந்து சில நாட்களில் கடைசி முட்டை முடிந்தது. எந்த நாள் என்று ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. வேகத்தடையின் வாய்க்காலில் மழைத்தண்ணீர் போக ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் உணர்ந்தோம்.

அதன்பிறகு ஊர் மோனிஷா இளைப்பதற்காகக் காத்திருந்தது. அறுபத்தெட்டு முட்டைகள் ஆறு மாதம் ஊரையே சுற்றிவந்திருக்கின்றன, அதற்கு ஒரு பலன் இருக்க வேண்டாமா? கொடிபோல ஒரு பெண் தெருவில் நடந்து வருவாள், வெளியூர் மாப்பிள்ளைகளிடம் முன்னும் பின்னும் சொல்லிக் காட்டலாம் என்று இருந்தோம். சித்திரையில் எடை பார்த்தபோது எழுபத்தைந்து. மூன்று கிலோ. "டேங்கர் இன்னும் டேங்கராத்தான் இருக்கு" என்று டீக்கடையில் சொன்னார்கள். அதிசயம் தோற்றுவிட்டது என்று எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்தோம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்த காலையில் சாந்தாமணி பண்ணை வேனுக்காக ரோட்டில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள், "ஏனக்கா, அத்தனை முட்டையும் தின்னாளே, உம் புள்ளை எளைக்கவே இல்லையே?"

"எளைக்கல" என்றாள் சாந்தாமணி. "நல்லா இருக்கா."

"அதென்ன நல்லா?"

"மாடிப்படி ஏறுறா. மத்தியானம் தூங்கறதில்லை. அஞ்சு புள்ளி ஒம்போது."

"என்னது அஞ்சு புள்ளி?"

வேன் வந்துவிட்டது. வேனில் இருந்த பதினாறு பேரிடமும் அவள் சொல்லிப் பார்த்தாள். அஞ்சு புள்ளி ஒன்பது என்றால் ஆறரைக்கு எவ்வளவு கீழே, அங்கிருந்து மறுபடி ஏறவும் கூடும், ஆனால் இன்றைக்கு அது கீழே இருக்கிறது என்று சொன்னாள். அவர்கள், "அப்படியா, சரி சரி" என்றார்கள், எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டார்கள்.

பண்ணையில் இறங்கித் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, தன் கொட்டகைக்குள் நுழைந்தாள். நீளக் கொட்டகை, எட்டு வரிசைக் கூண்டு, பன்னிரண்டாயிரம் கோழிகள் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தன. முதல் வரிசையின் முன்னால் நின்று, "அஞ்சு புள்ளி ஒம்போது" என்றாள். இரண்டாவது வரிசைக்குப் போய்ச் சொன்னாள். மூன்றாவது வரிசையின் கடைசிவரை கேட்டிருக்காது என்று தோன்றியதால், நடுவில் நின்று இன்னொரு தடவை சொன்னாள். அப்படியே எட்டு வரிசையும், ஒரு கூண்டும் விட்டுப்போகாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் அன்றைக்கு அவள் முட்டை எடுக்க ஆரம்பித்தாள்.